அலை மேல் நிற்க ஒரு பலகை

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



ஆண்டு மலர் என்றாலே நட்பு, தாய்ப்பாசம், நாளைய பாரதம் என்று எழுதுவது நம்ம வழக்கம். அதையெல்லாம் முன்பின் பக்கங்களில் நம் தோழர்கள் அழகாக எழுதியிருப்பார்கள். நான் எழுத வந்தது ஒரு பலகையைப் பற்றி. பலகை என்றதும் டிராயிங் போர்டு ஞாபகம் வந்து யாரும் பயப்பட வேண்டாம்! கடலில் மிதக்கும் பலகை. அதன் மேல் நின்றுகொண்டு, கையில் நீளமான ஒற்றைத் துடுப்பை வைத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய், வருகிற அலையைப் பிடித்துக் கரை வரைக்கும் சறுக்கி வரலாம். ஆங்கிலத்தில் ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு. சுருக்கி "சப்" என்பார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

"இதெல்லாம் பணக்காரப் பசங்க விளையாட்டுப்பா, நமக்கெதுக்கு?" என்று கேட்கிறீர்களா? பாதி நியாயமான கேள்வி. புதுப் பலகை ஒன்றின் விலையில் நம்மில் ஒருவன் டிப்ளமோவே முடித்துவிடலாம். அதனால்தான் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, பகுதி நேர வேலையிலும் ஸ்டைபண்டிலும் மிச்சம் பிடித்து, ஒரே ஒரு பழைய பலகை வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு தடவைதான் வாங்க முடியும். பொருந்தாததை வாங்கிவிட்டால் அடுத்த பலகைக்கு அடுத்த ஜென்மம். ஆகவே ஆறு மாதமாக விசாரித்தும், வாடகைப் பலகைகளில் ஏறி விழுந்தும், நம்ம பாடப்புத்தகத்தைப் புரட்டியும் சேர்த்த விஷயங்களை இங்கே தருகிறேன். நீங்கள் வாங்காவிட்டாலும், ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் மெட்டாசென்டர் எதற்கு வருகிறது என்பதாவது தெரிந்துவிடும்.

முதலில் ஊர்க்கதை கொஞ்சம். ஹவாய்த் தீவுகளின் வைகிகி கடற்கரையில் சர்ஃபிங் சொல்லிக்கொடுத்தவர்கள், பலகை மேல் நின்றபடி துடுப்புப் போட்டுத் தங்கள் மாணவர்களைக் கண்காணித்தார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அங்கே இது இருந்தது. பிறகு அதே ஹவாயைச் சேர்ந்த லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற பெரிய அலை வீரர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் இதைக் கையிலெடுக்க, உலகம் முழுக்கப் பரவிற்று. 2012ல் பெரு நாட்டில் முதல் உலக சாம்பியன்ஷிப்பே நடந்துவிட்டது. ஆனால் மரத்தின் மேல் நின்று துடுப்புப் போட்டு அலையைத் தாண்டுவது நம்ம கடற்கரைக்குப் புதுசா என்ன? கட்டுமரம் அதைத்தானே செய்தது! லேசான மரங்களைச் சேர்த்துக் கட்டி, அலை உடைகிற இடத்தைக் கடந்து போய், மீனோடு அதே அலையில் ஏறிக் கரை சேர்ந்தவர்கள் நம் மீனவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் போட்டுகள் பெருகி, கட்டுமரம் அரிதாகிவிட்டது. நாங்கள் போகிற கோவளத்தில், மீனவர் மூர்த்தி மேகவன் போன்றவர்களின் முயற்சியால் குப்பத்துப் பையன்கள் சர்ஃப் பலகையில் ஏறினார்கள். பக்கத்து மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்து, நம் நாட்டின் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கியது பேப்பரில் படித்திருப்பீர்கள். ஆக, கடல் நம்முடையது, கலையும் பாதி நம்முடையது. பலகைதான் வாங்க வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சப் பலகைகள் எல்லாம் ஒரே ஜாதி என்று நினைக்கக் கூடாது. ஏரியில் நெடுந்தூரம் போகிற பலகை 12 அடிக்கு மேல் நீளமாக, மூக்கு கூராக, அடிப்பாகம் நேராக இருக்கும். நேர்க்கோட்டில் வேகமாகப் போகும். அலையில் இறங்கினால் அந்தக் கூர் மூக்கு தண்ணீருக்குள் குத்திக்கொள்ளும், பின்னால் நிற்பவர் முன்னால் பறப்பார். நேர் எதிரான ஜாதி, போட்டிக்காரர்களின் அலைப் பலகை. 7 அடி, 8 அடி. அதன் மேல் சும்மா நின்றால் கணுக்கால் வரை தண்ணீர் ஏறும். துடுப்பு ஓடிக்கொண்டிருந்தால்தான் நிற்கவே முடியும். இரண்டுக்கும் நடுவில், கடைக்காரர்கள் "ஆல்ரவுண்டர்" என்கிற ஒரு இனம் இருக்கிறது. முதல் அலைப் பலகையை அந்த இனத்தில், அதிலும் அலைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்ததாகத் தேட வேண்டும். பழைய பலகை விற்கும் ஒருவர் எங்களிடம் பன்னிரண்டரை அடிப் பலகையைக் காட்டி, "இது கடலுக்குன்னே செஞ்சது தம்பி, எந்த அலையும் தாங்கும்" என்று அடித்துச் சொன்னார். தாங்கும்தான். நாம்தான் தாங்க மாட்டோம்.

பலகையின் பின்பக்கமோ அடிப்பக்கமோ நான்கு எண்கள் எழுதியிருக்கும். நீளம், அகலம், கனம், லிட்டர். எல்லாரும் நீளத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். கடைசியில் கேட்க வேண்டியது அது. முதலில் லிட்டரைப் பாருங்கள்.

லிட்டர் என்றால் பலகையின் மொத்தக் கொள்ளளவு. ஆர்க்கிமிடிஸ் ஐயா சொன்னபடி, மிதக்கிற பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை இடம்பெயர்க்கும். எங்கள் நால்வரில் சிவில் நண்பன் 84 கிலோ. பலகை 10 கிலோ, துடுப்பும் நனைந்த துணியும் 2 கிலோ. மொத்தம் 96. கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ. ஆகவே சுமார் 94 லிட்டர் தண்ணீருக்குள் போனால்தான் அவன் மிதப்பான். 95 லிட்டர்ப் பலகையைக் கொடுத்தால் பலகை முழுக்க மூழ்கி, மேல்பரப்பு தண்ணீர் மட்டத்தில் நிற்கும். நிபுணர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு மேலே நிறைய மிச்சம் வேண்டும். அலை வந்து ஒரு ஓரத்தை அழுத்தும்போது திருப்பித் தள்ளுவது அந்த மிச்சம்தான்.

எவ்வளவு மிச்சம்? வழக்கத்தில் உள்ள கணக்கு இதுதான். துடுப்பே பிடித்திராதவர் எடையின் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். அமைதியான தண்ணீரில் பழகியவர் ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்கால். அலையில் நன்றாகத் தேறியவர் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. 60 கிலோ ஆளுக்கு முதல் பலகை 110, 120 லிட்டர். 80 கிலோ ஆளுக்கு 150, 160. இது சட்டமல்ல, தொடங்குவதற்கு ஒரு புள்ளி. எடையை வீட்டுத் தராசில் பார்த்துச் சொல்லுங்கள், போன வருஷ நினைவில் சொல்லாதீர்கள். எங்கள் சிவில் நண்பன் 78 என்று சாதித்தான். ரயில்வே ஸ்டேஷன் மிஷின் சீட்டைக் காட்டியதும்தான் 84க்கு ஒத்துக்கொண்டான்.

பழைய பலகையில் லிட்டர் எழுத்து அழிந்திருந்தால் கவலை வேண்டாம். நீளம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு பெட்டியின் லிட்டர் வரும். பலகை பெட்டி மாதிரி இருக்காது, முனைகள் குறுகும், ஓரங்கள் வளையும். ஆகவே அதில் ஏறத்தாழ அறுபது சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள். 9 அடி 6 அங்குல நீளம், 31 அங்குல அகலம், 4.4 அங்குலக் கனம் என்றால் பெட்டிக்கு 255 லிட்டர் வருகிறது. பலகை 150 சொச்சம். விற்கிறவர் அதே அளவுப் பலகையை 200 லிட்டர் என்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம்.

இப்போது அகலம். இங்கேதான் நம்ம பாடம் உதவிக்கு வருகிறது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் தலைகீழாக ஒப்பித்தோமே, "பி டி கியூப் பை டுவெல்வ்" என்று! மிதக்கும் பொருள் பக்கவாட்டில் கவிழாமல் நிற்பதற்கும் அதே சூத்திரம்தான் பொறுப்பு. தண்ணீர் மட்டத்தில் பலகையின் பரப்புக்கு இனர்ஷியா எடுத்து, இடம்பெயர்ந்த தண்ணீரின் கொள்ளளவால் வகுத்தால், மிதப்பு மையத்திலிருந்து மெட்டாசென்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கிடைக்கும். இதில் நீளம் ஒரு தடவைதான் பெருக்கப்படுகிறது. அகலமோ மூன்று தடவை. பலன் என்ன? ஒன்பதரை அடிப் பலகையை ஒரு அடி நீட்டிப் பத்தரை ஆக்கினால் நிலைத்தன்மை பத்து சதவீதம்தான் கூடும். அகலத்தை 29லிருந்து 32 அங்குலமாக்கினால் முப்பத்து நான்கு சதவீதம் கூடுகிறது! மூன்றே அங்குலம். நம்ம ஸ்டீல் ஸ்கேலில் பாதிகூட இல்லை.

ஒரு ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுபது கிலோ ஆளுக்கு இதைப் போட்டுப் பார்த்தோம். 32 அங்குலப் பலகையில் மெட்டாசென்டர் தோராயமாக ஒரு மீட்டர் உயரத்தில் வருகிறது. 29 அங்குலத்தில் முக்கால் மீட்டர்தான். நிமிர்ந்து நிற்கிற மனுஷனின் புவியீர்ப்பு மையம் தொப்புள் பக்கத்தில், தொண்ணூறு சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கிறது. புரிகிறதா? 32ல் அவன் மயிரிழையில் நிற்கிறான். 29ல் பலகை தானாக நிற்க வைக்காது. காலும் இடுப்பும் விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். "முட்டியை மடக்கு, முட்டியை மடக்கு" என்று கோவளத்து அண்ணன்கள் கரையிலிருந்து கத்துகிறார்களே, அது புவியீர்ப்பு மையத்தைப் பத்து சென்டிமீட்டர் கீழே இறக்கச் சொல்கிற கட்டளை. அவர்கள் சூத்திரம் படிக்கவில்லை. விடை மட்டும் சரியாகச் சொல்கிறார்கள்!

இன்னொன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. கனமான ஆள் அதிகத் தண்ணீரை இடம்பெயர்ப்பார், வகுக்கும் எண் பெரிதாகும், மெட்டாசென்டர் கீழே வரும். ஒரே பலகையில் 55 கிலோ நண்பன் ஜம்மென்று நிற்க, 84 கிலோ நண்பன் தள்ளாடுவது திறமைக் குறைவால் அல்ல. அவனைக் கிண்டல் செய்யும் முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் 36 அங்குலம் வாங்கிவிட்டால் தொல்லையே இல்லையே? ஏரியில் மீன் பிடிக்க என்றால் வாங்கலாம். அலைக்கு வேண்டாம். அலை மேல் பலகையைத் திருப்புவது சைக்கிளைச் சாய்த்துத் திருப்புகிற மாதிரி. ஒரு ஓரத்தைத் தண்ணீருக்குள் அமுக்க வேண்டும், பிறகு மறு ஓரத்தை. அகலம் கூடக்கூட அந்த அமுக்கலுக்குப் பலம் அதிகம் வேண்டும், நேரமும் பிடிக்கும். அதற்குள் அலை உடைந்துவிடும். அதோடு, பலகை வேகம் பிடித்ததும் தண்ணீரின் அடி-உந்துதலே அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது, ஓடுகிற சைக்கிள் விழாத மாதிரி. நின்ற இடத்தில் ஆடுகிற பலகை அலையில் அமைதியாக இருப்பதை நாங்களே பார்த்தோம். ஆகவே தேங்கிய தண்ணீரில் ஏறி நின்று "ஆஹா, அசையவே இல்லை" என்பதை மட்டும் வைத்து வாங்கினால், இரண்டாவது மாதத்திலேயே சலித்துப் போகும். என் அபிப்பிராயத்தில் சராசரி எடைக்கு 30லிருந்து 32 அங்குலம். 29க்குக் கீழே முதல் வருஷம் எட்டிப் பார்க்க வேண்டாம். 33க்கு மேலே அலைக்காக என்று யாரும் வாங்க வேண்டாம்.

நீளத்துக்கு வருவோம். ஒன்பதிலிருந்து பத்து அடி. இதற்கும் காரணம் இருக்கிறது. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம், ஆழத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும். அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழம் உள்ள இடத்தில் உடையும். ஒரு மீட்டர் அலை என்றால் 1.3 மீட்டர் ஆழம். வேகம் நொடிக்கு மூன்றரை மீட்டர், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர் கிட்ட. துடுப்பால் நாம் எட்டுகிற வேகம் அதில் பாதிதான். மீதியை அலையின் சரிவு கொடுக்க வேண்டும். பலகை நீளமாக இருந்தால் துடுப்பு வேகம் கூடும், அலை இன்னும் படுத்திருக்கும்போதே ஏறிவிடலாம். குட்டையாக இருந்தால் அலை செங்குத்தாகும் வரை காத்திருக்க வேண்டும். புது ஆளுக்கு அதுதான் தலைகுப்புற விழும் இடம். நீளம் ரொம்பப் போனாலும் மூக்கு முன்னாலிருக்கும் பள்ளத்தில் போய்க் குத்தும்.

மூக்கு என்றதும் ராக்கர் ஞாபகம் வருகிறது. பலகையைச் சமதரையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். முன்னும் பின்னும் வாழைப்பழம் மாதிரி எவ்வளவு தூக்கியிருக்கிறது? அதுதான் ராக்கர். அலைப் பலகையில் மூக்கு கண்ணுக்குத் தெரியும்படி தூக்கியிருக்க வேண்டும். ஏரிப் பலகை ஏறக்குறைய தட்டை. தூக்கல் அதிகமானால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், வேகம் குறையும். நடுப்பகுதி தட்டையாகவும் முனைகள் மட்டும் தூக்கியும் இருப்பது முதல் பலகைக்கு நல்லது. ஓரம் முன்பக்கம் உருண்டையாகவும், வால் பக்கம் விளிம்பு தட்டுப்படும்படி கூராகவும் இருக்கட்டும். வால் வட்டமா, சதுரமா, மீன் வாலா என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கிறது. முதல் வருஷம் அந்த வித்தியாசம் நமக்குத் தெரியாது, விட்டுவிடுங்கள்.

அடியில் இருக்கும் துடுப்புத் தகடுகளை, அதாவது ஃபின்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒரே பெரிய ஃபின் மட்டும் உள்ளது ஏரிக்கு. அலைக்கு நடுவில் ஒன்றும் பக்கத்தில் சிறிதாக இரண்டும், அல்லது மூன்றும் சம அளவில், அல்லது நான்கு. மூன்று உள்ளது போதும். நடு ஃபின் நீளமான பள்ளத்தில் முன்னும் பின்னும் நகர்த்துகிற மாதிரி இருந்தால் பின்னால் சோதனை செய்து பார்க்க வசதி.

இனி பலகை எதனால் ஆனது என்று பார்ப்போம். மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் கூர்ந்து படிக்கவும். உள்ளே இ.பி.எஸ். எனப்படும் வெள்ளைத் தெர்மாகோல் இனம். டி.வி. பெட்டிக்குள் வருமே, அதன் அண்ணன். வெளியே கண்ணாடி இழைத் துணியும் எபாக்சி ரெசினும். சிலவற்றில் நடுவில் மெல்லிய மரத்தகடோ பி.வி.சி. நுரைத் தகடோ வைத்து சாண்ட்விச் ஆக்கியிருப்பார்கள். விலை உயர்ந்ததில் கார்பன் துணி. பத்து அடிப் பலகை மொத்தமே 8லிருந்து 11 கிலோ. உள்ளிருக்கும் தெர்மாகோல் மூன்று நான்கு கிலோகூட வராது. பலமும் எடையும் பெரும்பாலும் தோலில்தான். ஐ-பீமில் ஃபிளாஞ்சும் வெப்பும் செய்கிற வேலையை இங்கே தோலும் நுரையும் செய்கின்றன.

தோல் கிழிந்தால் தண்ணீர் உள்ளே போகும். இ.பி.எஸ். மணிகளுக்கு இடையில் ஊறி, பலகை மாசக்கணக்கில் காயாது. ஆகவே பழைய பலகை வாங்கப் போகும்போது ஒரு ஸ்பிரிங் தராசு எடுத்துப் போங்கள். தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட ஒன்றிரண்டு கிலோ கூட இருந்தால், நீங்கள் தண்ணீரையும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள். கட்டைவிரலால் மேல்பரப்பு முழுக்க அழுத்திப் பாருங்கள், முக்கியமாகக் கால் வைக்கும் இடத்தில். அமுங்கி எழுந்தால் தோல் நுரையிலிருந்து பிரிந்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் "டக் டக்" என்றும், பிரிந்த இடம் பொத்தென்றும் கேட்கும். பானை வாங்கும்போது நம்ம பாட்டி செய்த டெஸ்ட்தான். ஃபின் பெட்டியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, கயிறு கட்டும் குழி ஆடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் அடித்த ஒட்டுகள் பயப்பட வேண்டியவை அல்ல. புத்தம் புதிதாக முழுப் பலகைக்கும் பெயின்ட் அடித்திருந்தால்தான் சந்தேகம் வர வேண்டும்.

ரிப்பேர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. நம்ம கடற்கரை ஊர்களில் பைபர் போட்டு ரிப்பேர் செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின். அதில் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. இ.பி.எஸ். மேல் பட்டால் அந்த நுரை சர்க்கரைப் பாகு மாதிரிக் கரைந்து குழியாகிவிடும்.  உங்கள் பலகைக்கு எபாக்சிதான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு தெர்மாகோல் துண்டில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் விடை தெரியும்.

வெயிலும் எதிரிதான். நுரைக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து தோலைப் பிரித்துவிடும். அதற்காகப் பலகையில் சின்னக் காற்றுத் திருகு ஒன்று வைத்திருப்பார்கள். இருந்தாலும் நம்ம ஊர் மே மாச வெயிலில் மொட்டை மாடியில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். தென்னங்கீற்றுக் கொட்டகை போதும்.

காற்றடிக்கும் பலகையைப் பற்றிக் கேட்பீர்கள், தெரியும். உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் மேலையும் கீழையும் இழுத்துப் பிடிப்பதால் 15 பி.எஸ்.ஐ. வரை காற்று ஏற்றினாலும் உருண்டையாகாமல் பலகையாகவே நிற்கும். நல்ல மூளை! சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். பத்து அடிப் பலகையோடு ஏறினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. பாறையில் மோதினாலும் உடையாது, அடுத்தவர் மேல் பட்டாலும் காயம் குறைவு. ஆனால் அதன் ஓரம் ஐந்து, ஆறு அங்குலக் கனத்துக்கு உருண்டை. தண்ணீரைக் கடிக்காது. அலையின் மேல் நடுவில் வளைகிறது. நுரை அலையில் பழகலாம், ஏரியில் சுற்றலாம். பச்சை அலையில் திருப்பிப் பழகணும் என்றால் கெட்டிப் பலகைதான். வைக்க இடமில்லாதவர்கள் மட்டும் இதை யோசிக்கலாம்.

துடுப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். பலகை வாங்கி மிச்சத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் மிச்சமே இருக்காது. ஏரிக்கு உங்கள் உயரத்தைவிட ஒரு சாண் நீளம் என்பார்கள். அலைக்கு அதைவிடக் குறைவு, 12லிருந்து 15 சென்டிமீட்டர் கூடுதல் போதும், முட்டி மடக்கித்தானே நிற்கிறோம். பலர் சேர்ந்து வாங்குவதாயிருந்தால் நீளம் கூட்டிக் குறைக்கும் துடுப்பு வாங்கணும். பூட்டும் இடம் ஆடாமல் இருக்கிறதா என்று முறுக்கிப் பாருங்கள். தகடு கம்புக்கு நேராக இருக்காது, சில டிகிரி சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு முன்பக்கம், அதாவது போகும் திசையில் இருக்கும்படி பிடிக்க வேண்டும். மண்வெட்டி மாதிரித் தன் பக்கம் திருப்பிப் பிடிப்பவர்களை எல்லாக் கடற்கரையிலும் பார்க்கலாம்.

காலில் கட்டும் கயிற்றை, லீஷ் என்பதை, இலவசமாகக் கிடைக்கிற சாமான் என்று அலட்சியப்படுத்தாதீர்கள். அலைக்கு நேரான கயிறு, பலகை நீளத்துக்குச் சமமாக, ஒன்பது பத்து அடி. டெலிபோன் ஒயர் மாதிரிச் சுருண்ட கயிறு ஏரிக்கு. அலையில் அது பலகையை நம் முகத்துக்கே திருப்பி அனுப்பும். கயிறு அறுகிற நாளும் வரும். அன்று நீந்திக் கரை வரத் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் தெரியாதவன் பலகையை நம்பிக் கடலில் இறங்கக் கூடாது. கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் அதை எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

நம் பாதுகாப்பைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் இன்னொன்று. பத்து கிலோ எடை, பத்து அடி நீளம், மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம். அப்படி ஒரு பொருள் ஆளில்லாமல் வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் குழந்தை மேல் மோதினால்? ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாகக் குளிக்கிற இடத்தில் இதை எடுத்துக்கொண்டு இறங்கவே கூடாது. விழும்போது பலகைக்கும் கரைக்கும் நடுவில் விழாமல் கடல் பக்கமாக விழப் பழகணும். காலையில் பைபர் போட்டுகள் கரை திரும்பும் வழியிலும், வலை கிடக்கும் இடத்திலும் நிற்கக் கூடாது. அவர்களுக்கு அது பிழைப்பு, நமக்கு விளையாட்டு. இன்னொரு மரியாதையும் உண்டு. நின்றுகொண்டிருப்பதால் அலை வருவது நமக்குத்தான் முதலில் தெரியும், துடுப்பு இருப்பதால் முதலில் பிடிப்பதும் நாம்தான். எல்லா அலையையும் நாமே எடுத்தால் படுத்தபடி காத்திருக்கும் சின்னப் பலகைக்காரப் பையன்கள் திட்டுவார்கள். அந்தத் திட்டு நியாயமானது.

எப்போது பழகலாம் என்றால், விடியற்காலை. கரைக்காற்று மெல்ல வீசி அலையின் முகம் வழவழப்பாக இருக்கும். பத்து, பதினொரு மணிக்குமேல் கடல்காற்று கிளம்பி எல்லாவற்றையும் கலைத்துவிடும். நின்றுகொண்டிருக்கும் ஆள் பாய்மரம் மாதிரி. காற்றில் அவன் பாடு திண்டாட்டம். மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வரும் அலை ஒழுங்காக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின்போது, புயல் சின்னம் என்று ரேடியோ சொல்லும் நாட்களில், புது ஆட்களுக்குக் கரைதான் இடம்.

இத்தனையும் வைத்து எங்கள் பலகைக்கு வருகிறேன். நாங்கள் நால்வரும் 55, 62, 70, 84 கிலோ. சராசரி எடுத்து 68க்கு வாங்குவோம் என்றான் இ.இ.இ. நண்பன். அப்படி வாங்கினால் 84 கிலோக்காரன் நிற்கவே முடியாது, பங்கு மட்டும் சமமாகக் கொடுப்பான். கனமானவனுக்குப் பொருந்துவதை வாங்கினால் லேசானவனுக்குத் திருப்புவது கஷ்டம், காற்றில் கொஞ்சம் அலைக்கழியும், ஆனால் நிற்கலாம், அலை பிடிக்கலாம். ஆகவே 160 லிட்டர் என்று தீர்மானித்தோம். 55 கிலோ நண்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்காக அகலத்தை 32க்கு மேல் விடுவதில்லை, மூன்று ஃபின் கட்டாயம் என்று இரண்டு நிபந்தனைகள் சேர்த்தோம். இப்போது 9 அடி 8 அங்குலம், 32 அங்குலம், 158 லிட்டர் என்று எழுதிய பலகை ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. வால் பக்கத்தில் ஒரு ஒட்டு. தயாரிப்பு எடை 9.8 கிலோ என்கிறார்கள். வருகிற ஞாயிறு ஸ்பிரிங் தராசோடு போகிறோம். பத்தரை கிலோவுக்குள் இருந்தால் அட்வான்ஸ் கொடுப்பது, பதினொன்றைத் தாண்டினால் டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்புவது என்று நால்வரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.